பையன் வளரலைன்னு போய்க் காட்டின ஹார்மோன் கிளினிக், திருச்சி தில்லை நகர் (4/5)

மொதல்லயே சொல்லிடறேன், இங்க 3 மணி நேரம் உக்காந்து 800 ரூபா ஃபீஸ் கட்டி ஒரு மாத்திரை கூட எழுதி வாங்காமத்தான் வெளிய வந்தோம், அதுக்குத்தான் இந்த 4 ஸ்டார்.

பையனுக்கு 13 வயசு 8 மாசம், ஒம்பதாவது படிக்கிறான், உயரம் 146 செ.மீ. கூடப் படிக்கிறவனுங்களுக்கெல்லாம் மீசை அரும்பி குரல் உடைஞ்சாச்சு, இவன் போன் எடுத்து ஹலோன்னா அம்மாவா பேசறீங்கன்னு கேக்கறாங்க, அப்படி ஒருத்தர் கேட்டதுலேர்ந்து போனையே தொடறதில்ல. பொண்ணு வயசுக்கு வந்தா தெருவுக்கே தெரியும், பையன் விஷயம் அவனா வாயைத் திறந்தாத்தான் உண்டு, அவன் எங்க திறக்கறான். நான் பாட்டுக்கு பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு உயரம் வளர்ற பவுடர்னு சாக்லேட் வாசனைல ஒண்ணு 6 டப்பா வாங்கி 4 டப்பா குடுத்தும் முடிச்சேன், வயிறுதான் வளர்ந்துச்சு.

டோக்கன் முறை சுத்த வேஸ்ட். 5 மணின்னு சொல்லிட்டு 8 மணிக்குத்தான் உள்ள விட்டாங்க, பார்க்கிங் கிடையாது, ஃபேன் ஒண்ணு ஓடல. ஒரு ஸ்டார் அங்கயே போச்சு.

ஆனா டாக்டர் அவசரமே படல. பையன்கிட்ட பேச ஆரம்பிக்காம எங்க வீட்டுக்காரரைப் பாத்து "சார் நீங்க எந்த வயசுல ஷேவ் பண்ண ஆரம்பிச்சீங்க"ன்னு கேட்டாரு. இவரு நெளிஞ்சுகிட்டே, பிளஸ் டூ வரைக்கும் நான் மொத பெஞ்ச், காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்லதான் விறுவிறுன்னு வளர்ந்தேங்கறாரு. கல்யாணம் ஆகி 16 வருஷம், இத இன்னிக்கித்தான் கேக்கறேன்! வீட்டுக்கு வந்து மாமியார்கிட்ட சொன்னா, ஆமா அவன் லேட்டாத்தான் வளர்ந்தான், நீ எப்ப கேட்டன்னு திருப்பிக் கேக்கறாங்க.

அடுத்து வாசனையெல்லாம் நல்லாத் தெரியுதான்னு பையனைக் கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல, அப்புறம்தான் சொன்னாரு, ரொம்ப அபூர்வமா சில பசங்களுக்கு பருவமும் வராது மோப்பமும் இருக்காது, ரெண்டும் ஒரே கோளாறுல வர்றதாம். இவனா, தெரு முனைல மீன் வறுத்தா என்ன மீன்னு சொல்றவன்.

அப்புறம் என்னை வெளிய இருக்கச் சொல்லிட்டு, பையனைக் கேட்டுகிட்டு அவங்க அப்பாவை மட்டும் உள்ள வெச்சுகிட்டாரு, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. மணி கோத்த மாலை மாதிரி ஒண்ணு இருக்காம், 1 மில்லில ஆரம்பிச்சு 25 மில்லி வரைக்கும் 12 மணி, அத வெச்சு விரை எவ்வளவு பெருசுன்னு ஒப்பிட்டுப் பாப்பாங்களாம், பேரு ஆர்க்கிடோமீட்டர். 4 மில்லி வந்துட்டா பருவம் ஆரம்பிச்சாச்சுன்னு கணக்கு, நம்ம பையன் 5. அதாவது நாங்க மீசையையும் குரலையும் பாத்துட்டு ஒண்ணுமே ஆரம்பிக்கலன்னு அழுதுகிட்டு இருக்கோம், அங்க உள்ளுக்குள்ள எப்பவோ ஆரம்பிச்சாச்சு. மீசையும் குரலும் கடைசிப் பக்கத்துல வர்றதாம்.

பசங்களுக்கு 9 வயசுலேர்ந்து 14 வயசுக்குள்ள எப்ப ஆரம்பிச்சாலும் நார்மல், 9க்கு முன்னாடி ஆரம்பிச்சாலும் 14 தாண்டியும் ஒண்ணும் இல்லன்னாலும்தான் காட்டணும்னாரு. அஞ்சு வருஷ இடைவெளி அது, ஒரே கிளாஸ்ல ஒருத்தன் ஆம்பளை மாதிரி இன்னொருத்தன் கொழந்தை மாதிரி இருக்கறதுல என்ன ஆச்சரியம். பொண்ணுங்க ஆரம்பத்துலயே சடசடன்னு வளர்ந்துடறாங்க, பசங்களுக்கு அந்த வேகம் பாதில வரும், அப்ப வருஷத்துக்கு 9, 10 செ.மீ. கூட ஏறுமாம். சில பசங்களுக்கு நெஞ்சுல லேசா கட்டி மாதிரி வரும், அது பாதிப் பேருக்கு வர்றதுதான், பெரும்பாலும் ரெண்டு வருஷத்துல தானா போயிடும்னும் சொன்னாரு. இவன் மூஞ்சி மாறினதைப் பாத்ததும் சட்டையைக் கழட்ட மாட்டேன்னு இவ்வளவு நாளா அடம் புடிச்சது ஏன்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு.

இடது கை மணிக்கட்டுல ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க, அது தனிக் காசு. எலும்போட வயசு 12ன்னு வந்துச்சு, அப்ப இன்னும் வளர்றதுக்கு இடம் பாக்கி இருக்குன்னு அர்த்தம். அப்பா 172, அம்மா 155, கூட 13 சேத்து ரெண்டால வகுத்தா 170, அதுக்கு 8 செ.மீ. முன்னபின்ன வரலாம்னு பேப்பர்ல போட்டுக் காமிச்சாரு. பையன் அந்தப் பேப்பரை மடிச்சு பர்ஸ்ல வெச்சிருக்கான்.

ஹார்மோன் ஊசி போடலாமான்னு நான்தான் கேட்டேன். 14 தாண்டியும் ஆரம்பிக்காம பையன் மனசு ரொம்ப உடைஞ்சு போனா கம்மி டோஸ்ல சில மாசம் குடுக்கறது உண்டு, இவனுக்குத் தேவையில்ல, ஜிம்ல யாராச்சும் குடுக்கறதைப் போட்டா எலும்பு சீக்கிரம் மூடிகிட்டு இருக்கற உயரமும் போயிடும்னு கொஞ்சம் கடுப்பாவே சொன்னாரு. 6 மாசம் கழிச்சு மறுபடி அளக்க வரணும்.

போறவங்க ஸ்கூல்ல எழுதி வெச்ச பழைய உயரக் கணக்கு இருந்தா எடுத்துட்டுப் போங்க, அத வெச்சுத்தான் வருஷத்துக்கு எவ்வளவு ஏறுதுன்னு பாக்கறாரு. அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. மிச்சம் ரெண்டு டப்பா பவுடரை கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாரு, இப்ப எங்க மாமியார் டெய்லி ராத்திரி பால்ல கலந்து குடிக்கறாங்க.