ஈ.என். 24 ஷாஃப்ட்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

கோவையில் எங்கள் பட்டறையில் கிரஷர், பிரஸ் மாதிரி அடி வாங்கும் இயந்திரங்களுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். பல வருடங்களாக அதற்கு ஈ.என். 24 என்ற கலப்பு எஃகுதான். விலை அதிகம் என்றாலும் எனக்கு அதில் முழுத் திருப்தி. ஆனால் ஹீட் ட்ரீட்மென்ட் (உலையில் சூடாக்கி, ஆற்றிப் பதப்படுத்துவது) சரியில்லை என்றால் அந்த விலைக்கு அர்த்தமே இல்லை.

ஒரு தடவை, வெளியே ஹீட் ட்ரீட்மென்ட் செய்து வந்த ஷாஃப்ட் ஒன்று கீவே எனும் காடியின் மூலையில் முறிந்தது. ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) பார்த்தால் ராக்வெல் சி அளவில் 30 ஹெச்.ஆர்.சி., கேட்டது கேட்டபடி. முறிந்த முகமோ கற்கண்டு உடைத்த மாதிரி பளபளவென்று மின்னியது. நல்ல ஷாஃப்ட் முறிந்தால் முகம் மங்கிய சாம்பல் நிறத்தில், நார் நாராக இருக்கும். ஒரு துண்டை அறுத்து, மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் அரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். உலைச் சூடு அளவு மீறி, கிரெயின் (எஃகுக்குள் இருக்கும் படிகக் குருணைகள்) எல்லாம் பருத்துப்போயிருந்தது. கிரெயின் பொடியாக இருந்தால் விரிசல் ஒவ்வொரு எல்லையிலும் தடைபட்டுத் திரும்பித்தான் போக வேண்டும். பருத்துவிட்டால் தடையில்லாமல் ஓடிவிடும். ஹார்ட்னஸ் மீட்டர் இதைக் காட்டாது.

சாதாரண கார்பன் எஃகான ஈ.என். 8 போதாதா என்று கேட்பார்கள். சின்ன விட்டத்துக்குப் போதும். 75 மி.மீ. ஷாஃப்ட்டில் குவென்ச் செய்தால் (சூட்டோடு முக்கி வேகமாக ஆற்றினால்) மேல்தோல்தான் மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பு ஆகும், நடுப்பகுதி மென்மையான ஃபெர்ரைட்டும் பியர்லைட்டுமாக நின்றுவிடும். ஈ.என். 24-இல் உள்ள நிக்கல், குரோமியம், மாலிப்டினம் அப்படி ஃபெர்ரைட்டாகவும் பியர்லைட்டாகவும் மாறுவதைத் தாமதப்படுத்துவதால், ஆயிலில் மெதுவாக ஆறினாலும் நடுவரை மார்ட்டென்சைட் கிடைக்கிறது.

அப்புறம் டெம்பரிங், அதாவது குவென்ச்சுக்குப் பின் மறுபடி அளவாகச் சூடாக்குவது. குவென்ச் ஆன மார்ட்டென்சைட் அப்படியே இருந்தால் சிதறிவிடும். 600 டிகிரி வாக்கில் டெம்பர் செய்தால் கார்பன் பொடிப்பொடி கார்பைடாகப் பிரிந்து, சுற்றியுள்ள இரும்பு இளகுகிறது. அடி தாங்கும் டஃப்னஸ் அங்கிருந்துதான் வருகிறது. ஹார்ட்னஸ் கூடுதலாக வேண்டும் என்று 260 முதல் 370 டிகிரிக்குள் டெம்பர் செய்யச் சொல்லாதீர்கள். அந்த இடைவெளியில் கார்பைடு தகடு தகடாகப் படிந்து டஃப்னஸ் குறைந்துவிடும். 200 வாக்கில் நிறுத்துங்கள், இல்லையென்றால் 450-க்கு மேல் போங்கள்.

இப்போது ஒவ்வொரு லாட்டோடும் அதே கம்பியில் வெட்டிய சோதனைத் துண்டு ஒன்றையும் உலைக்கு அனுப்புகிறோம். திரும்பி வந்ததும் அதில் சார்பி சோதனை (ஒரே அடியில் உடைத்து டஃப்னஸை அளப்பது) செய்து, கிரெயின் அளவும் பார்த்துவிட்டுத்தான் ஷாஃப்ட்டை கிரைண்டிங்குக்கு ஏற்றுகிறோம்.