பூட்டியாவுக்கு ஒரு கால் குறைந்தது

ஞாயிறு காலை டர்ஃபில் ஆடுகிற எங்கள் கும்பலில் ஜெர்சி முதுகைப் பார்த்தால் நான்கு மெஸ்ஸி, மூன்று ரொனால்டோ. நாங்கள் ஓடுகிற லட்சணத்துக்கு அவர்கள் இருவரும் கேஸ் போட்டாலும் தகும். ஒரு மாறுதலுக்கு நம் தேசிய கால்பந்து லீக்கில் ஆடியவர்களின் பெயரைப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றியது. 1996 டிசம்பரில் தொடங்கி 11 சீசன் நடந்து, 2007-இல் ஐ-லீக் ஆனதே, அந்த லீக்.

அந்த ஜெர்சிகள் கடையில் தேடினால் கிடைக்காது. முதல் சாம்பியனான பஞ்சாபின் பக்வாரா ஜேசிடி கிளப் 2011-இல் கலைக்கப்பட்டது. எஃப்.சி. கொச்சி, மஹிந்திரா யுனைடெட் எல்லாம் அதற்கும் முன்பே போய்விட்டன. ஆகவே திருப்பூரில் ஒரு ஜெர்சி பிரிண்டிங் யூனிட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஐந்து பெயர் அனுப்பினேன். பெயர்கள் தமிழில், கிளப் முத்திரை வேண்டாம். ஒன்று 380 ரூபாய், கூரியர் தனி.

மாதிரிப் படம் மறுநாளே வந்தது. முதல் ஜெர்சியில் 'பூட்டிய' என்று இருந்தது. துணைக்கால் காணோம்! முதல் சீசனில் 14 கோல் அடித்து எல்லோரையும் முந்திய பைச்சுங் பூட்டியாவை, கடையைப் பூட்டிய ஆளாக்கிவிட்டார்கள். திருத்தச் சொல்லி அனுப்பியதும் ஃபோன் வந்தது.

"அண்ணா, விஜயன் ரெண்டு வாட்டி இருக்குதுங்க. ஒண்ணை எடுத்துரட்டுங்களா?"

எடுக்கக் கூடாது தம்பி. ஐ.எம். விஜயன், திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன், அந்த ஜேசிடி அணியில் பூட்டியாவோடு சேர்ந்து ஆடியவர். ராமன் விஜயன் நம் தமிழ்நாட்டுக்காரர். 1997-98-இல் எஃப்.சி. கொச்சிக்காக ஆடி லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர். ஐந்து நிமிடம் விளக்கினேன். அந்தத் தம்பி பொறுமையாகக் கேட்டார், அதற்கே ஒரு ஸ்டார் கூடப் போடலாம்.

சரக்கு ஒன்பதாம் நாள் வந்தது. ஐந்தில் உருப்படி என்றால் பாரெட்டோதான். கொல்கத்தா கிளப்பான மோகன் பகானின் பச்சையும் மெரூனும் துணியிலேயே சப்ளிமேஷன் செய்தது, அதாவது சூட்டில் சாயத்தைத் துணிக்குள்ளேயே ஏற்றியது. ஆறு தடவை துவைத்தும் சாயம் அப்படியே இருக்கிறது. 1999-இல் கொல்கத்தா வந்த அந்த பிரேசில்காரர் பகானில் இரண்டு லீக் பட்டம், மஹிந்திராவில் ஒன்று என்று வென்றவர். இந்த லீக்கில் ஆடிய வெளிநாட்டவர்களில் என் ஓட்டு அவருக்குத்தான். மற்ற ஜெர்சிகளில் பெயரும் எண்ணும் ஒட்டுகிற ஸ்டிக்கர். ராமன் விஜயனின் 'ன்' மேலுள்ள புள்ளி மூன்றாவது துவைப்பிலேயே உரிந்து போனது. தமிழில் அடிப்பவர்கள் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைக்க வேண்டும். அளவும் ஒரு சைஸ் சின்னது, எக்ஸ்எல் கேட்டால் எல் மாதிரி பிடிக்கிறது.

ஐந்தாவது கிறிஸ்டியானோ ஜூனியர். கிறிஸ்டியானோ என்றதும் ரொனால்டோவின் 7 போட்டு மாதிரி அனுப்பியிருந்தார்கள், 10 என்று மாற்றச் சொன்னேன். இவரும் பிரேசில்காரர், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலில் லீக் வென்றுவிட்டு கோவா கிளப்பான டெம்போவுக்குப் போனவர். 2004 டிசம்பர் 5, பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். இரண்டாவது கோலை அடித்த கையோடு கோல்கீப்பர் மேல் மோதி விழுந்தார். உயிர் பிழைக்கவில்லை. டெம்போ அந்த சீசன் லீக்கை வென்றது. 10-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கியும் வைத்தது.

ஆர்டர் கொடுத்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. பார்சலைப் பிரித்துக் கையில் எடுத்தபோதுதான் சுருக்கென்றது. டர்ஃபில் ஒருவர் அதைக் கேட்டார், சைஸ் சரிவராது என்று சொல்லிவிட்டேன். கவர் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. எனவே அந்த ஒன்றின் தையலைப் பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியாது.