இரண்டடித் தொட்டிக்கு டேங்க் கிளீனர் வேண்டாம்

இரண்டடித் தொட்டியில் எந்தெந்த மீன்களைச் சேர்த்து விடலாம் என்று தெஹிவளை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டி பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் கண்டதை வைத்தே எழுதுகிறேன்.

செரி பார்ப் போல எல்லோருடனும் ஒத்துப்போகும் மீனை நான் வேறு வளர்த்ததில்லை. 1929 இல் விலங்கியலாளர் தெரணியகல முதன்முதலில் விவரித்த இந்த மீன் இலங்கைக்கே உரியது. தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான ஓடைகளில் வாழ்வது. அதனால்தானோ என்னவோ, குளோரின் நீக்கிய கொழும்புக் குழாய்நீரில் எந்தச் சிரமமும் இல்லாமல் வளர்கிறது. ஆண் மீன்கள் ஒன்றையொன்று சுற்றி வந்து சிவப்பைக் கூட்டிக் காட்டுமே தவிர, டைகர் பார்ப் போல மற்ற மீன்களின் செட்டையைக் கடிப்பதில்லை. ஆறேழாக விட்டால் கூச்சம் தெளிந்து முன்னே வரும்.

மற்ற மீன்களைத் தெரிவுசெய்யும்போது நம் ஊரின் வெக்கையை மறக்கக் கூடாது. நியோன் டெட்ரா குளிர்ந்த நீரை விரும்புவது. அதைவிடக் கார்டினல் டெட்ரா சூட்டைத் தாங்கும். அடித்தளத்துக்குக் கோரிடோரஸ் என்ற சிறு கெளிற்று மீன்களில், சூட்டைத் தாங்கும் ஸ்டெர்பாய் இனத்தையே தேடி வாங்குங்கள், மணலும் மென்மையானதாக இருக்கட்டும். ஏஞ்சல் மீன் வளர்ந்தால் சிறு டெட்ராக்களை விழுங்கிவிடும்.

என் கோபமெல்லாம், கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசி தின்னும் டேங்க் கிளீனர் மீன் மீதுதான். தொட்டி வாங்கியபோது, "பாசியெல்லாம் இது பார்த்துக்கொள்ளும்" என்று கடைக்காரர் விரல் நீளக் குட்டியொன்றைச் சேர்த்துக் கொடுத்தார். நியாயமாகச் சொன்னால் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கண்ணாடியில் பாசி என்ற பேச்சே இருக்கவில்லை, எந்த மீனையும் அது காயப்படுத்தவுமில்லை. ஆனால் வளர வளர, அமேசன் சோர்ட் செடியின் இலைகள் காலையில் நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடைபோலக் கிடந்தன. மணல் முழுவதும் நூல் நூலாகக் கழிவு. எத்தனை முறை உறிஞ்சி எடுத்தாலும் மறுநாளே அதே நிலை. இரவில் அது வாலை வீசித் திரும்பினால் செரி பார்ப்கள் மூலையில் ஒடுங்கிவிடும். நாற்பது சென்ரிமீற்றருக்கு மேலும் வளரக்கூடிய மீன், முப்பது சென்ரிமீற்றர் அகலத்தில் எப்படித் திரும்பும்?

ஆகவே, சமர்த்தான மீன்தான், வாங்காதீர்கள். பாசிக்கு நெரைட் நத்தைகள் இரண்டு போதும். அவை நன்னீரில் குஞ்சு பெருக்குவதில்லை. விளக்கு எரியும் நேரத்தையும் ஏழெட்டு மணித்தியாலத்துக்குள் நிறுத்துங்கள்.

ஏற்கெனவே வளர்ந்த டேங்க் கிளீனர் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து வெள்ளவத்தைக் கால்வாயில் கொண்டுபோய் விடாதீர்கள். வளியை விழுங்கிச் சுவாசிக்கவும் கரையில் வளை தோண்டி முட்டையிடவும் தெரிந்த தென்னமெரிக்க மீன் அது. இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. பெரிய சீமெந்துத் தொட்டி உள்ள ஒருவரைத் தேடிக் கொடுப்பதே வழி. குட்டியாகத் தந்த கடை, வளர்ந்ததைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டது. அதை விற்பவர்கள், முழு வளர்ச்சியில் எத்தனை சென்ரிமீற்றர் என்பதையாவது விலைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.