தி பேட்டரி: ஓடாத ஜாம்பி படம்

தலைப்பைப் பார்த்து மின்கலம் என்று நினைத்துவிட வேண்டாம். பேஸ்பாலில் பந்தை வீசுபவரையும் அதைப் பிடிப்பவரையும் சேர்த்து ‘பேட்டரி’ என்பார்கள். உலகமே ஜாம்பிகளாகிவிட்ட பிறகு, ஒன்றாக ஆடிய அந்த இருவரும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதிக் கிராமப்புறச் சாலைகளில் அலைவதுதான் கதை. 2012-இல் வெளியான இந்தப் படத்தின் செலவு வெறும் 6,000 டாலர். இயக்கிய ஜெரமி கார்ட்னரே இருவரில் ஒருவனான பென்னாக நடித்திருக்கிறார்.

பட்ஜெட் இல்லாததைப் பலமாக்கியிருப்பதுதான் சாமர்த்தியம். கூட்டமாகத் துரத்தும் காட்சிகளுக்குப் பதில் பல் தேய்ப்பது, மீன் பிடிப்பது, பந்து போட்டு விளையாடுவது. இன்னொருவனான மிக்கி எந்நேரமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய வாழ்க்கையைப் பிடித்துத் தொங்குகிறான். பென்னுக்கு இந்தக் காட்டு வாழ்க்கை பழகிவிட்டது. ஜாம்பியைக் கொல்ல மறுக்கும் மிக்கி தூங்கும் அறைக்குள் பென்னே ஒன்றை விட்டுவிடும் காட்சி இருக்கிறதே, அந்த ஒரு இடத்தில் இருவரின் உறவும் அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது.

கடைசிப் பகுதி ஒரு காருக்குள்தான். கேமரா அசையாமல் பல நிமிடங்கள் ஒரே ஷாட். வெளியே கைகள் கண்ணாடியைத் தட்டும் சத்தம்தான் பயமே. அதனால் ஹெட்போனில் பார்ப்பது நல்லது. நடுவில் இழுவை உண்டு, பாடல்களை ஓடவிட்டு நேரம் கடத்தும் இடங்களும் ஒன்றிரண்டு. ரத்தத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவீர்கள்.