இடிப்பதா, பழுது பார்ப்பதா? ராயக்கோட்டை வீட்டுக் கணக்கு

தாத்தா கட்டிய வீடு. கருங்கல்லை மண் சாந்தில் அடுக்கிய சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, கூரைக்கு நாட்டு ஓடு. போன வருடம் எங்கள் முன்னால் இருந்தது இரண்டே வழி: இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுவது, இல்லை இருப்பதைச் சரிசெய்வது. நான் இரண்டாவதைச் செய்தவன், அதனால் என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

புது வீட்டின் வசதிகள் தெரிந்தவைதான். மாடி எடுக்கலாம், ஓட்டில் குரங்குத் தொல்லை இல்லை, கடன் வாங்குவதும் சுலபம். விற்கப் போனாலும் பழைய வீட்டுக்கு மனை விலைதான் பேசுவார்கள். இதில் வாதாட ஒன்றுமில்லை.

சுற்றுச்சூழல் என்று பார்த்தால் கதை வேறு. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். அப்போது வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை, அந்தக் கல்லே கக்குவது. எங்கள் சுவர்க் கல்லோ சூளையையே பார்க்காதது. உளியும் சம்மட்டியும் போதுமாக இருந்தது. பூச்சுச் சுண்ணாம்பும் சுட்டதுதான், ஏறக்குறைய 900 டிகிரியில். ஆனால் பூசிய பிறகு அதே வாயுவைக் காற்றிலிருந்து இழுத்துத்தான் இறுகுகிறது. இடித்தால் இத்தனை கல்லையும் எந்த ஏரிக்கரையில் கொட்டுவது என்பது தனிக் கவலை.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். பத்து வருடம் முன்பு அப்பா சமையலறைச் சுவருக்கு மட்டும் சிமெண்ட் பூச வைத்தார். மூன்றாவது மழைக்குள் இடுப்பளவுக்கு உப்பு பூத்துவிட்டது. தட்டினால் டொப்பென்று வெற்றுச் சத்தம். கடப்பாரை முனையால் நெம்பியதும் பூச்சு பலகை மாதிரி கழன்று வந்தது. உள்ளே மண் சாந்து ஈரமாக, விரலால் நோண்டினாலே உதிர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. “சுவத்துக்கு ரெயின்கோட்டு மாட்டி வுட்டுட்டீங்க தம்பி, வேர்த்துக்கிட்டே கெடக்குது” என்றார் மேஸ்திரி.

கோட்டை மலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கல் சுவருக்கு வயதாகாது என்றொரு நம்பிக்கை உண்டு. கல்லுக்கு ஆகாதுதான், இடையிலிருக்கும் சாந்துக்கு ஆகும். எனவே சிமெண்டை மொத்தமாக உரித்தோம். சுவர் காய ஒரு கோடை முழுக்க விட்டோம். சுண்ணாம்பைத் தொட்டியில் மூன்று வாரம் ஊறப்போட்டு, மணலோடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினோம். பூசியதும் வெயில் படாமல் ஈரச் சாக்கு கட்ட வேண்டும். அதில் சோம்பேறித்தனம் காட்டிய ஒரு மூலையில் இப்போதே மயிரிழை வெடிப்பு. அந்த இடத்தில் கொஞ்சம் சுண்ணாம்பைத் தேய்த்தால் சரி, சுவரையே உரிக்க வேண்டியதில்லை. வெள்ளையடிப்பு, ஓடு பிரித்து வேய்வது என்று செலவு வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் சில்லறையாக வரும்.

அஸ்திவாரம் இறங்கியிருந்தாலோ சுவர் சாய்ந்திருந்தாலோ நானே இடித்திருப்பேன். குளியலறையையும் பின்பக்கம் தனியாக, சிமெண்டில்தான் கட்டினேன். அந்த அளவு தண்ணீரைச் சுண்ணாம்பை நம்பி விட எனக்குத் தைரியமில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடவே இரண்டு மாதம் ஆனது, அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், இந்தப் பூச்சு இதுவரை பார்த்தது ஒரே ஒரு ஐப்பசி மழை. சிமெண்டும் முதல் மழையில் அழகாகத்தான் இருந்தது.