ஹெட்டை மறுபடி கழற்றும் முன் இதை மாட்டிப் பாருங்கள்: இரண்டு டயல் லீக்டவுன் டெஸ்டர்

ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) இன்ஜினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியை, கழற்றி, வேலை முடித்து, திரும்பப் பூட்டிய பிறகு ஒரு சிலிண்டர் மட்டும் படுத்துக்கொண்டால் அடுத்து எதில் கை வைப்பது என்று தெரியாமல் நிற்போம் இல்லையா, அந்த நேரத்துக்கு உதவுகிற கருவி இது. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று காட்டும்: ஒரு டயல் நாம் கொடுக்கிற அழுத்தத்துக்கு, இன்னொன்று உள்ளே நிற்கிற அழுத்தத்துக்கு. 5-க்கு 4 கொடுப்பேன். ஒன்றைக் குறைத்ததற்கான காரணம் கீழே இருக்கிறது.

என் வண்டி 2003 மாடல் யமஹா ஆர்எக்ஸ்-1. ஃபோர் ஸ்ட்ரோக், 998 சிசி, 4 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் 3 இன்டேக், 2 எக்ஸாஸ்ட் என்று மொத்தம் 20 வால்வு. ஒவ்வொரு வால்வின் மேலும் ஒரு பக்கெட் (வால்வைத் திறக்கும் கேம் தண்டு அழுத்துகிற கிண்ணம்), அதற்கடியில் பொத்தான் மாதிரி ஒரு ஷிம் (கேமுக்கும் பக்கெட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் தகடு). ஹெட் கேஸ்கெட்டும் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) வால்வு ஸ்டெம் சீல்களும் மாற்றிப் பூட்டினேன். ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடிலில் தடுமாறியது, கார்புரேட்டர் பக்கம் டப் டப் என்று திருப்பி அடித்தது. உடனே நிறுத்திவிட்டேன்.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளப்பது) வைத்தால் மூன்றாவது சிலிண்டர் மட்டும் மற்றவற்றில் பாதிகூட இல்லை. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை, அதனால் கோளாறு பிஸ்டன் ரிங்கில் இல்லை, மேலேதான் என்று புரிந்தது. ஆனால் வால்வா, கேஸ்கெட்டா, கேம் டைமிங்கா (வால்வு திறந்து மூடும் நேரம்)? அதை அந்த கேஜ் சொல்லாது.

சரி, டெஸ்டருக்கு வருகிறேன். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து பிளக் துளையில் ஹோஸை மாட்டி 100 பிஎஸ்ஐ காற்று கொடுத்தேன். இரண்டாவது டயலில் முள் 45-ல் நின்றது, அதாவது 55 சதவீதம் எங்கோ வெளியேறுகிறது. மற்ற மூன்றிலும் 7, 8 சதவீதம்தான். அப்புறம் காது வேலை. சைலன்ஸரில் சத்தமே இல்லை (எக்ஸாஸ்ட் வால்வு சரி), கூலண்டில் குமிழி இல்லை (கேஸ்கெட் சரி), ஆயில் மூடியைத் திறந்தால் எல்லா சிலிண்டரிலும் வருகிற அதே லேசான காற்று (ரிங் சரி). ஏர் பாக்ஸைக் கழற்றி, த்ராட்டிலைத் திறந்து பிடித்தபடி கார்புரேட்டர் வாயருகே காதை வைத்ததும் உஸ்ஸ்ஸ் என்று நன்றாகக் கேட்டது. ஒரு நூலை அங்கே தொங்கவிட்டேன், வெளிப்பக்கமாகப் பறந்தது. இன்டேக் வால்வுதான். ஹெட்டைத் தூக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

வால்வு கவரை எடுத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டேன். நடு இன்டேக்கில் இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை, பக்கத்து வால்விலோ 0.30 மி.மீ. தகடு தாராளமாகப் போய்வந்தது. கேமைத் தூக்கினால் 165 ஷிம் இருக்க வேண்டிய இடத்தில் 185, 185 இருக்க வேண்டிய பக்கத்து இடத்தில் 165. பூட்டும்போது இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். 165 என்றால் 1.65 மி.மீ., ஆக வித்தியாசம் 0.20. அந்த நடு வால்வுக்கு நான் குறித்து வைத்திருந்த இடைவெளியே 0.17தான், அதனால் அது எந்நேரமும் 0.03 மி.மீ. திறந்தே இருந்திருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய சந்து, அதில் பாதிக் காற்று போய்விடுகிறது! ஷிம்களைச் சரியான இடத்தில் வைத்து கேமைப் பூட்டி மறுபடி சோதித்தேன், 8 சதவீதம்.

இது கண்டுபிடிக்காத ஒன்றும் உண்டு. கேமைச் சுழற்றும் கேம் செயின் ஒரு பல் தள்ளி விழுந்திருந்தால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பெரும்பாலும் எல்லா வால்வும் மூடித்தான் இருக்கும், டெஸ்டர் நல்ல எண்ணையே காட்டும். டெஸ்டரில் நன்றாக இருந்து கம்ப்ரஷன் மட்டும் குறைந்தால் நேராக டைமிங் குறிகளைப் பாருங்கள்.

உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளிவிடும், இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 74 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் 100 பிஎஸ்ஐ என்றால் சுமார் 300 கிலோ எடை அழுத்துகிற மாதிரி. கிராங்கில் ஸ்பேனரை விட்டுவைக்கக் கூடாது, பிரைமரி கிளட்ச் அருகே கை போகக் கூடாது, காற்றையும் குறைந்த அழுத்தத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.

ஒரு மதிப்பெண் குறைத்தது அடாப்டருக்காக. பெட்டியில் வந்தது 14 மி.மீ., 18 மி.மீ. மட்டும், இந்த இன்ஜினின் பிளக் 10 மி.மீ., அதுவும் ஆழமான குழிக்குள். கம்ப்ரஷன் கேஜின் 10 மி.மீ. ஹோஸையே மாட்டிக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்தால் அதன் நுனியில் இருக்கும் ஒருவழி வால்வைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் டயல் காட்டுகிற எண்ணை நம்ப முடியாது.