பஷ்தோ டியூஷன்: 8 வகுப்பு, 200 மலேசிய வெள்ளி

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) கம்பளம் தூக்கிக்கொண்டு வரும் பாய் பாகிஸ்தானின் மர்தான்காரர். தவணைக்கு வரும்போது அவர் பாஷையான பஷ்தோவில் நாலு வார்த்தை பேச ஆசை. முப்பது வருஷம் தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? பெஷாவரிலிருந்து வீடியோவில் நடக்கும் டியூஷனில் சேர்ந்தேன். நமக்கு இரவு 9 என்றால் அங்கே மாலை 6.

முன்பு பார்த்த இலவசச் செயலி ‘ஸ்மா கோர்’, அதாவது என் வீடு, என்பதோடு நின்றுவிட்டது. பாய் வாயில் வருவதோ ‘கோர் மே’. இந்த வாத்தியார் முதல் நாளே குட்டிச் சொற்களை எடுத்தார்: மே, தே, யே, மோ. கோர் மே, கோர் தே, கோர் யே: என் வீடு, உன் வீடு, அவர் வீடு. அட, நம் மலாய் ‘ரூமாக்கு, ரூமாமு, ரூமாஞா’தானே என்றேன். சிரித்தார்.

மலாய் ‘கு’ ஒட்டிய சொல்லை விட்டு நகராது. ‘மே’ அப்படியில்லை, வாக்கியத்தில் அழுத்தம் விழும் முதல் பகுதிக்கு அடுத்து ஏறிக்கொள்ளும், முதலிடத்தில் மட்டும் உட்காராது. டிரைவர் பக்கத்து சீட்டில் வரும் லாரி கெலிண்டான் (உதவியாள்) மாதிரி. ‘ஸடை மே வலீத்’ என்றால் அந்த ஆளைப் பார்த்தேன். ‘நேற்று’ சேர்த்தால் ‘பரூன் மே ஸடை வலீத்’. ஆள், நேற்று இரண்டையும் எடுத்துவிட்டால் வினையையே பிளந்து நுழைகிறது: ‘வ மே லீத்’. இதைக் கேட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே ‘மே’ என்பது ‘என்’ இல்லை, ‘நான்’. இறந்தகாலத்தில் வினையின் வால் பார்க்கப்பட்டவருக்குப் போய்விடும். பெண்ணைப் பார்த்தால் ‘லீதா’. நிகழ்காலத்திலோ ‘வீனம் யே’: பார்க்கிறேன் என்பது வாலிலேயே இருக்கிறது, ‘யே’ பார்க்கப்படுகிறவர். ‘மோ’ இன்னும் மோசம், எங்களுக்கும் அதுதான், உங்களுக்கும் அதுதான். நாம், நாங்கள் என்று பிரித்துப் பார்க்கும் நமக்கு இது அநியாயம்.

குறை? மழையில் லைன் அறுந்து இறந்தகால வகுப்பில் அரை மணி போச்சு. ஈடு வகுப்பும் இல்லை, காசும் திரும்பவில்லை. அனுப்பிய குறிப்புகளில் விளக்கமெல்லாம் உருது; நான் எங்கே போவது? ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்த ஒன்று அரை மணிக்காக.

போன வாரம் தவணைக்கு வந்த பாயிடம் ‘நூம் தே ஸ தை?’ என்று கேட்டேன். இரண்டு வருஷமாகக் கம்பளம் வாங்குகிறேன், அன்றுதான் அவர் பெயர் தெரிந்தது.